கொள்ளும் கடிவாளமும்

கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பயிலும் தமிழ்ப் பெண் கேடட்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புப் பிள்ளைகளே,

உங்களில் யாரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியாது. ஏரிக்கு இந்தப் பக்கம், சிங்கட் சாலையில் குடியிருக்கும் தமிழ்க்காரி நான். ஞாயிற்றுக்கிழமை லிபர்ட்டி விடுப்பில் வெளியே வரும் உங்களைப் பார்ப்பதுண்டு. வெங்காய பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பயிற்சி உஸ்தாத் என்னென்ன சொல்லித் திட்டினார் என்று சுத்தமான மதுரைத் தமிழில் நீங்கள் சொல்லிச் சிரிப்பது காதில் விழும். போன மழைக்காலத்தில் உங்களில் ஒருத்தி, குதிரை தன்னைச் சேற்றில் உருட்டிவிட்ட கதையை ஏதோ பரிசு வாங்கியதைப் போலப் பெருமையாகச் சொன்னாள். அன்றே எழுத நினைத்த மடல் இது.

உங்கள் பயிற்சியில் குதிரையேற்றமும் உண்டு. தமிழ்நாட்டு நடுத்தர வீட்டுப் பெண்ணுக்குச் சேணத்தின்மேல் உட்கார அரசாங்கமே குதிரை கொடுப்பது நேற்றுவரை நடக்காத காரியம். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் உங்களுக்கு நுழைவுத் தேர்வே திறந்தது. முதல் அணியின் பதினேழு பெண்கள் 2025 மே 30 அன்று கேத்தர்பால் மைதானத்தில் அணிவகுத்து வெளியே வந்தார்கள். குதிரைமேல் அதே அளவு பித்துக்கொண்டிருந்த, ஆனால் வேறு வழியில் போன ஒரு பெண்ணின் கதையை உங்களுக்குச் சொல்ல ஆசை. அவர் பிறந்தது சென்னையில், 1917 மே 12 அன்று. பெயர் சீதாதேவி. பிற்பாடு உலகம் அவரைப் பரோடா மகாராணி என்று அறிந்தது.

இணையத்தில் தேடினால் நகைகளாக வந்து கொட்டும். முத்துமாலை, வைரம், கொலுசு, நீலக்கல். அவர் ஓடவிட்டுப் பார்த்த குதிரைகளின் பெயர் ஒன்றுகூடச் சட்டென்று கிடைக்காது. எனக்கு அந்த நகைகளில் அத்தனை ஆர்வமில்லை. குதிரைகளைப் பிடித்துக்கொண்டு போனால்தான் இந்தப் பெண்மணியின் வாழ்க்கை புரிகிறது என்பது என் கட்சி.

தந்தை பிட்டாபுரம் மகாராஜா சூர்யாராவ். கோதாவரிப் பகுதியின் பெரிய ஜமீன். தெலுங்கு அகராதிக்குப் பணம் கொடுத்தவர், பிரம்ம சமாஜத்துக்குத் துணை நின்றவர், காக்கிநாடாவில் கல்லூரியை வளர்த்தவர். மகளுக்கு அந்தக் காலத்து வழக்கப்படி இன்னொரு ஜமீனில் மாப்பிள்ளை பார்த்தார். வுய்யூர் ஜமீன்தார். கல்யாணம், குடும்பம் எல்லாம் ஆகி, இருபத்தாறு வயதில், 1943இல், சென்னைக் குதிரைப் பந்தயத்தில் பரோடா மகாராஜா பிரதாப்சிங் கெய்க்வாடைச் சந்தித்தார் சீதாதேவி. அந்த மகாராஜாவுக்கும் மனைவி இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள்.

கிண்டி ரேஸ் என்றால் நம் வீடுகளில் என்ன பேச்சு என்பது உங்களுக்கே தெரியும். ‘ரேஸுக்குப் போய்க் குடும்பத்தைக் கெடுத்தான்’ என்று ஒரு மாமாவோ சித்தப்பாவோ இல்லாத குடும்பம் குறைவு. ஆனால் அந்தப் புலம்பல் காசு கட்டித் தோற்றவர்களின் வேலிப்பக்கத்துக் கதை. உறுப்பினர்களின் பக்கம் வேறு உலகம். அங்கே பெண்கள் தொப்பியும் பட்டுமாக வந்து, பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடக் புல்வெளியில் நின்று, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பேசலாம். அந்நிய ஆணோடு ஒரு ஜமீன்தாரிணி பொது இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பேசக்கூடிய இடங்கள் அன்றைய மதராசில் எத்தனை இருந்திருக்கும்? கோயிலில் முடியாது, சபாக் கச்சேரியில் முடியாது. ரேஸ்கோர்ஸில் முடிந்தது.

அதற்குப் பின் அவர் செய்ததுதான் அன்றைய பத்திரிகைகளைத் திணறடித்தது. 1943இல் மதராஸ் மாகாணத்தில் இந்துப் பெண்ணுக்கு விவாகரத்து என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. மாகாணச் சட்டம் வந்ததே 1949இல். நாடு முழுவதற்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955இல். வெளியேற விரும்பும் மனைவிக்கு ஒரே ஓட்டை இருந்தது: மதம் மாறினால், உடன் மாறாத கணவரோடு உள்ள மணபந்தம் முறிந்தது என்று நீதிமன்றத்தில் கேட்கலாம். சீதாதேவி இஸ்லாத்துக்கு மாறினார், மணம் முறிந்தது, ஆரிய சமாஜ முறைப்படி மறுபடி இந்துவானார், மகாராஜாவை மணந்தார். இதற்கு நடுவே, பரோடாவில் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் இருந்தது. வெள்ளைக்கார அரசு விளக்கம் கேட்டபோது, சட்டம் குடிமக்களுக்கே, மன்னருக்கு அல்ல என்று அரண்மனை பதில் சொன்னது. முதல் மனைவியின் மகனே பட்டத்துக்கு உரியவர் என்ற நிபந்தனையோடு ஆங்கிலேயர்கள் விட்டுவிட்டார்கள். ஆனால் சீதாதேவிக்குரிய அரச மரியாதைப் பட்டத்தை மட்டும் கடைசிவரை தரவில்லை.

இதில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சீதாதேவி ஓட்டையைக் கண்டுபிடித்து வெளியேறினார் என்று நான் மெச்சும்போதே, ‘சட்டம் மன்னருக்கு இல்லை’ என்ற ஒரே வரியில் முதல் மகாராணி சாந்தாதேவி அவமானப்பட்டதும் நினைவுக்கு வருகிறது. மெச்சலோடு இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போர் முடிந்ததும் இருவரும் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார்கள். லண்டன், பாரிஸ், அமெரிக்கா, மொனாக்கோ என்று சுற்றினார்கள். சுற்றுலாப் பயணிகள் கோபுரம் பார்ப்பார்கள். இவர்களின் வரைபடத்தில் நியூமார்க்கெட், எப்சம், டான்காஸ்டர், அயர்லாந்தின் கர்ரா இருந்தன. 1945இல் நியூமார்க்கெட் ஏலத்தில் ஒரு வயதுக் குட்டி ஒன்றை மகாராஜா 28,000 கினிக்கு எடுத்தார். ஒருவயதுக் குதிரைக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. அந்த வருடம் டெர்பியை வென்ற டான்டேவின் உடன்பிறந்த தம்பி அது. தாத்தாவின் நினைவாக அதற்கு சாயாஜிராவ் என்று பெயர் வைத்தார்கள். 1947இல் அந்தக் குதிரை எப்சம் டெர்பியில் மூன்றாவதாக வந்து, அயர்லாந்து டெர்பியையும் செயின்ட் லெஜரையும் வென்றது. மகாராஜாவுக்காக இந்தியாவில் சவாரி செய்து, பிறகு இங்கிலாந்துக்குப் போன ஆஸ்திரேலிய ஜாக்கி எட்கர் பிரிட் அதன் மேலிருந்தார்.

தாத்தா சாயாஜிராவ் யார்? தன் சமஸ்தானத்தில் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியவர். 1913இல் அம்பேத்கர் என்ற இளைஞரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர். அந்த உதவித்தொகை மாதத்துக்குப் பதினொன்றரைப் பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. மொத்தம் 414 பவுண்டு. குதிரை சாயாஜிராவின் விலை பவுண்டுக் கணக்கில் 29,400. காலம் முப்பது வருடம் நகர்ந்துவிட்டது, பவுண்டின் மதிப்பும் மாறிவிட்டது, எல்லாம் சரி. இருந்தாலும் நான் வகுத்துப் பார்த்தேன்: எழுபத்தொரு அம்பேத்கர். ஒரே கஜானா, ஒரே பெயர்.

குதிரை நல்ல குதிரை. அதில் சந்தேகமே வேண்டாம். இந்த இணையருக்குக் கண் இருந்தது. மறு வருடம் அவர்களின் மை பாபு இரண்டாயிரம் கினி பந்தயத்தை வென்றது. அந்தக் குதிரையின் மகள் ஒன்றுக்கு அமெரிக்காவில் கேரளா என்று பெயர். கேரளாவின் மகன் டமாஸ்கஸ் 1967இல் அமெரிக்காவின் ஆண்டுச் சிறந்த குதிரையாகத் தேர்வானது. நியூமார்க்கெட்டில் அவர்கள் வாங்கிய வாரன் பிளேஸ் லாயத்தில்தான், பல கைகள் மாறிய பிறகு, பதினான்கு ஓட்டங்களில் ஒன்றிலும் தோற்காத ஃபிராங்கல் பழகியது. பணம் இருந்தால் குதிரை வாங்கலாம். எந்தக் குதிரையை வாங்குவது என்பது பணத்தால் வருகிற அறிவு இல்லை.

1948 எப்சம் டெர்பியில் மை பாபுதான் எல்லோரும் காசு கட்டிய குதிரை. அன்று சீதாதேவி பட்டுச் சேலையில், வலது கையில் முப்பது காரட் நீலக்கல்லோடு வந்தார். அதிர்ஷ்டத்துக்காகத் தொட்டுக்கொள்ளுங்கள் என்று விருந்தினர்களிடம் கையை நீட்டினாராம். பிரபுக்களும் அவர்களின் மனைவிமாரும் வரிசையில் வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். மை பாபு நான்காவதாக வந்தது. ஆகா கானின் மை லவ் வென்றது. நகைக்கட்டுரை எழுதுகிறவர்கள் நீலக்கல் வரை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கடைசி இருநூறு மீட்டரில் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதில்தான் ஆசை. ரேஸ்காரர்கள் தோற்ற பிறகு செய்யும் முதல் வேலை, தொலைநோக்கியைக் கீழே இறக்காமலே நிற்பது. முகத்தை மறைக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது.

இந்த வெற்றிகள் எதிலும் சீதாதேவியின் பெயர் இல்லை. பந்தயப் பதிவேடுகளில் உரிமையாளர் என்ற இடத்தில் பரோடா மகாராஜா. லாயத்தில், ஏலத்தில், பேடக்கில் கூடவே நின்றவரின் பெயர் பத்திரிகையின் நாகரிகப் பக்கத்தில் மட்டும். அன்றைய இங்கிலாந்தில் குதிரைகளைப் பழக்குகிற பெண்களே தங்கள் லாயத்து ஆண் பணியாளர் பெயரில் உரிமம் வாங்கவேண்டியிருந்தது. ஃப்ளாரன்ஸ் நாகிள் என்ற மூதாட்டி ஜாக்கி கிளப்பை நீதிமன்றத்துக்கு இழுத்து, 1966இல்தான் அதை மாற்றினார். பந்தயத்தில் பெண் சேணமேற 1972 ஆயிற்று. பெண்கள் குதிரையை வாங்கலாம், தடவலாம், அதற்காகத் தொப்பி அணியலாம். ஏறிக்கொண்டு ஓட்டக் கூடாது.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது கணக்காளர்களின் கதை. 1949இல் பரோடா பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. கஜானாவைத் திறந்து பார்த்தபோது மன்னர் வட்டியில்லாக் கடனாக எடுத்திருந்த தொகை வெளியே வந்தது. பரோடாவின் பழைய நகைகள் மொனாக்கோவுக்குப் போயிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காண்டேராவ் மகாராஜா செய்வித்த முத்துக் கம்பளமும் அவற்றில் ஒன்று. 1951இல் இந்திய அரசு பிரதாப்சிங்கைப் பட்டத்திலிருந்து இறக்கியது. 1956இல் அந்த மணமும் முறிந்தது. ‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும்’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பரோடா ஜோடிக்கு அளவெடுத்துத் தைத்தது அது. கொள்ளு போட்டவர்கள் குஜராத்தின் பருத்தி விவசாயிகள். கடிவாளம் போட வந்தவர்கள் டில்லி அதிகாரிகள்.

சீதாதேவி மொனாக்கோக் குடியுரிமை பெற்று அங்கும் பாரிஸிலுமாக வாழ்ந்தார். நகைகளை ஒவ்வொன்றாக விற்றார். அவருடைய வைரக் கொலுசுகளை நியூயார்க் வியாபாரி ஒருவர் வாங்கிக் கழுத்தணியாக மாற்றி வின்சர் சீமாட்டிக்கு விற்றார். சீமாட்டி அதை அணிந்து விருந்துக்கு வந்தபோது, ‘என் காலில் நன்றாகத்தான் இருந்தது’ என்ற அர்த்தத்தில் சீதாதேவி ஏதோ சொன்னாராம். கழுத்தணி கடைக்கே திரும்பிப் போய்விட்டது. பிரதாப்சிங்குக்கும் அவருக்கும் பிறந்த மகன் 1985இல் இறந்தார். நான்கு வருடம் கழித்து, 1989இல், பாரிஸில் சீதாதேவியும் காலமானார். முத்துக் கம்பளம் 2009இல் தோகாவில் ஐம்பத்தைந்து லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இவரை எந்தக் கணக்கில் வைப்பது? சட்டம் கதவைச் சாத்தியபோது ஜன்னல் வழியாக ஏறி வந்த பெண் என்றும் வைக்கலாம். ஊரார் பணத்தில் உல்லாசம் அனுபவித்தவர் என்றும் வைக்கலாம். இரண்டுமே உண்மை, இரண்டும் ஒரே குணத்திலிருந்து வந்தவை என்று நினைக்கிறேன். ‘கூடாது’ என்ற சொல்லை அவர் யாரிடமிருந்தும் ஏற்கவில்லை. வுய்யூர் ஜமீனிடம் ஏற்காதது அவருக்கு விடுதலை ஆயிற்று. பரோடாக் கணக்குப்பிள்ளையிடம் ஏற்காதது பரோடாவுக்கு நஷ்டம் ஆயிற்று. முன்னதற்காக நான் அவரை மதிக்கிறேன். பின்னதை மன்னிக்கும் அதிகாரம் எனக்கில்லை, அது பரோடாக்காரர்களுக்கு உரியது.

ஊர்ச்சொத்தில் சிலர் உல்லாசம் காணும் அந்தப் பழைய ஏற்பாடு அண்மைக்காலம் வரை நீடித்தது. அவர் மகாராஜாவைச் சந்தித்த கிண்டி ரேஸ்கோர்ஸ், நூற்று அறுபது ஏக்கர் அரசு நிலம், ஆண்டுக்கு அறுநூற்றுச் சொச்சம் ரூபாய் வாடகையில் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகைக்குப் போயிருந்தது. வாடகைப் பாக்கி வழக்கு நூற்றுக்கணக்கான கோடிக்கு வளர்ந்து, 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்துசெய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. நடுவே 1974இல் ரேஸையே தடைசெய்ய ஒரு சட்டம் வந்து, 1996இல் உச்ச நீதிமன்றம் ‘இது சூதாட்டமல்ல, திறமை விளையாட்டு’ என்று தீர்ப்பளித்த கதையும் உண்டு. திறமை யாருடையது, குதிரையுடையதா கட்டுகிறவனுடையதா என்று எனக்கு இன்றும் குழப்பம்தான். ஆனால் அதே கிண்டியிலிருந்துதான் ரூபா சிங் வந்தார். தாத்தாவும் அப்பாவும் குதிரை பழக்குகிறவர்கள். உறுப்பினர் பக்கத்திலிருந்து வராமல் லாயத்துப் பக்கத்திலிருந்து வந்து, தொழில்முறை ஜாக்கியாக ஆண்களோடு ஓடி நூற்றுக்கணக்கில் வென்ற பெண். சீதாதேவிக்கு அடைத்திருந்த கதவு, வைக்கோல் நாற்றம் அடிக்கும் பின்வாசல் வழியாகத் திறந்தது.

நீங்கள் வந்திருப்பது இன்னொரு வாசல் வழியாக. உங்கள் குதிரைக்குக் கொள்ளு போடுவதும் ஊர்ப்பணம்தான், அதில் வித்தியாசமில்லை. வித்தியாசம், உங்கள் கணக்குக்குத் தணிக்கை உண்டு. உங்கள் பெயர் அணிவகுப்புப் பட்டியலில் உங்கள் பெயராகவே அச்சாகிறது.

ஒரு வேண்டுகோள். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை புனே ரேஸ் சீசன். கேம்ப் பக்கம் லிபர்ட்டி போகும்போது ரேஸ்கோர்ஸ் பக்கத்தில்தான் இருக்கும். அதுவும் ராணுவ நிலம்தான். அனுமதி கிடைத்தால் ஒருநாள் உள்ளே போங்கள். காசு கட்டாதீர்கள், டிப்ஸ் சொல்ல வருகிறவரிடம் காது கொடுக்காதீர்கள். நேராகப் பேடக் வேலிக்குப் போய் நில்லுங்கள். குதிரையைப் பராமரிக்கும் சைஸ் கயிற்றைப் பிடித்து அதை வட்டம் சுற்ற வைப்பார். தொடை இடுக்கில் வெள்ளை நுரையாக வியர்த்திருந்தால் அது பதற்றத்தில் இருக்கிறது என்று அர்த்தம். காதுகள் முன்னால் நிமிர்ந்திருந்தால் வேலைக்குத் தயார். பின்னங்கால் குளம்பு, முன்னங்கால் பதிந்த தடத்தைத் தாண்டி விழுந்தால் நடை நன்றாக இருக்கிறது. நடுப் புல்வெளியில் குடை பிடித்து நிற்கும் உரிமையாளர்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் லாயத்துக் குதிரையிடம் இதையெல்லாம் தினமும் கற்றிருப்பீர்கள். அங்கே நிற்கும் பட்டுச்சேலைகளில் பலரைவிட உங்களுக்குக் கூடுதலாகவே தெரிந்திருக்கும்.

பிப்ரவரி முதல் ஞாயிறு வாக்கில் மும்பை மகாலட்சுமியில் இந்தியன் டெர்பி நடக்கும். இப்போது அது புனேக்காரரான வில்லூ பூனாவாலாவின் பெயரில் ஓடுகிறது. நான்கு வயதுக் குதிரைகள், ஆண் பெண் இரண்டும் கலந்து, 2,400 மீட்டர். பெண்குதிரைக்கு ஒன்றரைக் கிலோ எடைச் சலுகை. மெஸ்ஸில் டி.வி. இருந்தால் பாருங்கள். ஓட்டம் முடிந்ததும் இதுவரை வென்றவற்றின் பட்டியலை முதலிலிருந்து படியுங்கள். 1943இல், சீதாதேவி மகாராஜாவைச் சந்தித்த அதே வருடம், முதல் டெர்பியை வென்றது பரோடா லாயத்தின் பிரின்சஸ் பியூட்டிஃபுல். அது பெண்குதிரை.

அன்புடன்,
ஏரிக்கரையில் குடியிருக்கும் ஒரு தமிழ்க்காரி
கடக்வாஸ்லா, புனே